நரிமேட்டு மாடியில் நாலு பேர் சமையல்

மதுரையில் சமைக்காமல் இருப்பது ரொம்ப சுலபம். ராத்திரி 11 மணிக்குப் பசித்தாலும் கோரிப்பாளையம் பக்கம் பத்து நிமிஷம் நடந்தால் போதும், கொத்துப் பரோட்டா போடுகிற சத்தம் கேட்டுவிடும். அந்த நேரத்துக்கும் ஆவி பறக்க இட்லி கிடைக்கும். தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை. மாசக் கடைசியில் கையில் காசு வற்றிப்போனால் அம்மா உணவகம் இருக்கிறது, 1 ரூபாய்க்கு இட்லி. இப்படி ஒரு ஊரில் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் தினமும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

ஆனாலும் மூன்று வருஷமாக நாங்கள் நரிமேட்டில் ஒரு மாடிப் போர்ஷனில் சமைத்துச் சாப்பிடுகிறோம். நடுவில் இரண்டு தடவை அடுப்பு அணைந்துபோனது. முதல் தடவை ஒன்றரை மாசம், அடுத்த தடவை பத்து நாள். இரண்டு தடவையும் சமையல் ருசியாக இல்லை என்பதால் நிற்கவில்லை. ரூம் எடுக்கப் போகிற தம்பிகள் என்னிடம் கேட்பதெல்லாம் "எத்தனை விசில் விடணும்ணே" என்பதுதான். அதையும் சொல்கிறேன். ஆனால் அடுப்பு எதனால் அணைகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நாலு பேரும் நாலு ஊர். எனக்குக் கமுதி. மற்றவர்களை ஊர்ப் பேராலேயே சொல்கிறேன், ரூமிலும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம். கம்பம், ஒட்டன்சத்திரம், கோவில்பட்டி. முதல் ஆறு மாசம் எல்லோருமே மெஸ்ஸிலும் கடையிலும் சாப்பிட்டோம். தினமும் பரோட்டாவும் சால்னாவும் உள்ளே போய் எனக்கு நெஞ்செரிச்சல் வந்தது. கோவில்பட்டிக்கு மாசம் 20 தேதிக்கே காசு தீர்ந்துவிடும். சரி, ராத்திரிச் சாப்பாட்டையாவது நாமே செய்துகொள்வோம் என்று ஆரம்பித்தோம். 5 கிலோ சிலிண்டர் ஒன்று வாங்கினோம். அடையாள அட்டை காட்டினால் போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். ராத்திரிச் சமையல் மட்டும் என்றால் எங்களுக்கு 25 நாள் வரை வருகிறது. இண்டக்‌ஷன் அடுப்பும் யோசித்தோம். அது 1,800, 2,000 வாட் இழுக்கும். வீட்டு வயரிங் பழசு. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டபோது வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டோம்.

முதல் தடவை அடுப்பு அணைந்தது பாத்திரத்தால்.

எங்கள் வீட்டில் மோட்டார் போடுவது காலை 6 மணிக்கும் சாயங்காலம் 5 மணிக்கும்தான். ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று போட்டுவிடுவோம். காலையில் காலேஜ் அவசரம். சாயங்காலம் வந்து பார்த்தால் குக்கரின் அடியில் சோறு சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கிடக்கும். சிங்க்கைச் சுற்றிக் கரப்பான். "நான் சமைச்சேன், நீ கழுவு" என்று ஒருவன் சொல்ல, "நேத்து நான்தானே கழுவுனேன்" என்று இன்னொருவன் சொல்ல, ஒருநாள் நானும் ஒட்டன்சத்திரமும் முகம் கொடுத்துப் பேசாமல் தனித்தனியாகக் கடைக்குப் போய்ச் சாப்பிட்டோம். அவ்வளவுதான். ஒன்றரை மாசம் அடுப்பு பற்றவில்லை.

ஒருநாள் துணி காயப்போட மாடிக்கு வந்த வீட்டுக்கார அம்மா சிங்க்கைப் பார்த்துவிட்டார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். வாசல்படியில் உட்கார்ந்து, "தம்பி, சமைக்கிறவன் கழுவக் கூடாது, கழுவுறவன் சமைக்கக் கூடாது. எங்க வீட்ல ரெண்டையும் நாந்தான் பாக்குறேன், அதான் எனக்குத் தெரியும்" என்றார்கள். அந்தச் சொல் இன்னமும் மனசில் இருக்கிறது. எங்கள் நாலு பேர் வீட்டிலும் அம்மாக்கள் அதைத்தான் செய்கிறார்கள். இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருத்தனும் அதைக் கவனித்ததில்லை.

அதற்கப்புறம் ஜோடி பிரித்தோம். இரண்டு பேர் சமைத்தால் மற்ற இரண்டு பேர் கழுவ வேண்டும், அடுத்த நாள் மாற்றிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் 5 மணிக்கு யார் ரூமில் இருந்தாலும் இரண்டு வாளி பிடித்து வைத்துவிட வேண்டும். சட்டி காலியான உடனே தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும், அரை மணி நேரம் கழித்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இதெல்லாவற்றையும் விட உதவியது ஒன்று: கூடுதல் தட்டுகளை மூட்டை கட்டி வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டோம். நாலு பேருக்கு நாலு தட்டு, நாலு டம்ளர். ஐந்தாவது தட்டு ரூமில் கிடையாது. சாப்பிட வேண்டும் என்றால் உன் தட்டை நீ கழுவித்தான் ஆக வேண்டும். விருந்தாள் வந்தால் வாழை இலை வாங்கிக்கொள்வோம்.

பணத்தில் சண்டை வரவில்லை, அதற்குக் கோவில்பட்டிதான் காரணம். 1 தேதி ஆளுக்கு 1,500 ரூபாய் பொதுவில் போட்டுவிட வேண்டும். அதிலிருந்து எடுப்பதை எல்லாம் 40 பக்க நோட்டில் எழுதிவிடுவான், தீப்பெட்டி வாங்கினால்கூட. ஊருக்குப் போன நாட்களைக் கழிக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. நான் வேண்டவே வேண்டாம் என்றேன். நாள் கணக்கு பார்க்க ஆரம்பித்தால் நாளைக்கு "நீ மூணு முட்டை தின்ன, நான் ரெண்டு" என்று வந்து நிற்கும். அதற்குப் பதிலாக ஊருக்குப் போகிறவன் ஊரிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். நான் முண்டு மிளகாயும் நெத்திலிக் கருவாடும் கொண்டுவருவேன். ஒட்டன்சத்திரம் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாக இறக்குவான். கோவில்பட்டி கடலை எண்ணெயும் கடலை மிட்டாயும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் கிடைத்தது. அந்த இரண்டும் ஒரே அலமாரியில் இருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பலசரக்கு மாசத்துக்கு ஒரு தடவை கீழமாசி வீதியில். பருப்பு, புளி, வத்தல், எண்ணெய் எல்லாம் அங்கே மொத்தக் கடைகளில் வாங்கினால் தெருமுனைக் கடையை விடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு மிச்சம். காய்கறிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொக்கிகுளம் உழவர் சந்தை. தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று இதே மதுரையில், அண்ணா நகரில்தான் திறந்தார்கள். விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள் என்பதால் எங்களைப் போலப் பேரம் பேசத் தெரியாத பையன்களுக்கு அது பெரிய தைரியம்.

காய் வாங்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒட்டன்சத்திரம். அவன் அப்பா காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவர். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க எல்லோருக்கும் தெரியும். கத்திரிக்காயில் காயைப் பார்க்காதே, காம்பைப் பார் என்பான். காம்பு பச்சையாக, முள் குத்துகிற மாதிரி இருந்தால் புதுசு. முருங்கைக்காயை லேசாக முறுக்கினால் வளைய வேண்டும், விறைத்து நின்றால் முற்றல். எங்களிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. அதனால் அவன் வாரத்தையே காய் வைத்துப் பிரித்துவிட்டான். ஞாயிறு, திங்கள் கீரையும் வெண்டையும். செவ்வாய், புதன் கத்திரி, அவரை. அதற்கப்புறம் பூசணி, சேனை, உருளைக்கிழங்கு. தக்காளியில் பாதி பழம், பாதி செங்காய். செங்காயைத் தாம்பாளத்தில் பரப்பி வைத்தால் வியாழக்கிழமை சிவந்திருக்கும். ஃப்ரிட்ஜ் இல்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: வாங்குகிற வரிசையைவிடச் சமைக்கிற வரிசை முக்கியம்.

இப்போது விசில். எங்களுடையது 5 லிட்டர் குக்கர். புழுங்கல் அரிசி 3 டம்ளர், தண்ணீர் 9 டம்ளர், அரை மணி நேரம் ஊறிய அரிசி என்றால் 4 விசில். பச்சரிசிக்கு இரண்டரை மடங்கு தண்ணீர் போதும், 3 விசில். துவரம் பருப்புக்கு மஞ்சளும் ஒரு சொட்டு எண்ணெயும் போட வேண்டும், நுரை அடங்கும். பருப்பு வேகும்போதே தக்காளியையோ புளியையோ போடக் கூடாது, புளிப்பு சேர்ந்தால் பருப்பு விதை விதையாக நிற்கும். இதைவிடப் பெரிய விஷயம் அளவு. அரிசியோ பருப்போ தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் ஏறக் கூடாது. நண்பர்கள் வந்த ஒருநாள் பருப்பை நிறையப் போட்டுவிட்டோம். நுரை ஏறி விசில் துவாரம் அடைத்துக்கொண்டது, சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு பருப்பு விட்டத்தில் அடித்தது. நல்லவேளையாகக் கம்பம் அப்போதுதான் வெங்காயம் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தான். அன்றிலிருந்து மூடுவதற்கு முன்னால் விசில் துவாரத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம், மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். வால்வு மாற்றும்போது அந்தக் குக்கர் கம்பெனியின் வால்வே வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

எனக்குப் பிடித்த பகுதி புளிக்குழம்பு. அதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் தடவை நான் வைத்த குழம்பு புளித்தண்ணியாக இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். "எத்தனை நிமிஷம் கொதிச்சுச்சு?" என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். அம்மா, "என்ன சத்தம் கேக்குது?" என்று கேட்டார்கள். போனைச் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன். "இன்னும் சளசளன்னு கேக்குது. அடுப்பைக் கொறச்சுட்டு அப்படியே விடு" என்றார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கழிந்தது. பெரிய பெரிய குமிழிகள் போய், சட்டியின் நடுவில் மட்டும் ஒன்றிரண்டு கொப்புளம் மெதுவாக எழும்பி 'ப்ளக்' என்று உடைந்தன. ஓரத்தில் எண்ணெய் செம்மையாக வட்டம் கட்டி நின்றது. "இப்பக் கேளும்மா" என்றேன். "ம், எறக்கு" என்றார்கள். அன்றைக்கிலிருந்து நான் கடிகாரம் பார்ப்பதில்லை.

அளவு: நாலு பேருக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி, வெந்நீரில் 20 நிமிஷம் ஊற வேண்டும். நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, இதில் கஞ்சத்தனம் கூடாது. கடுகு வெடித்ததும் வெந்தயம் அரைத் தேக்கரண்டி. அது பொன்னிறம் தாண்டிக் கறுத்துவிட்டால் குழம்பே கசக்கும், அதனால் வெந்தயம் போட்ட கையோடு கிள்ளிய முண்டு மிளகாய் இரண்டும் கறிவேப்பிலையும் விழ வேண்டும். முண்டு மிளகாய் உருண்டையாக, தோல் தடித்து இருக்கும். காதுக்குப் பக்கத்தில் ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும், கலகலத்தால் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சின்ன வெங்காயம் 20, ஒரு முழுப் பூண்டு. வதங்கியதும் குழம்புப் பொடி 3 தேக்கரண்டி, தணலைக் குறைத்துப் பொடியை எண்ணெயிலேயே ஒரு புரட்டு. பிறகு புளிக்கரைசல், உப்பு, கடைசியில் சுண்டைக்காய் அளவு வெல்லம். இரும்பு வாணலியில் புளியைக் கொதிக்கவிடக் கூடாது, இரும்பு வாடை இறங்கிக் குழம்பு கறுத்துவிடும். நான் ஊரிலிருந்து வரும்போது மானாமதுரையில் இறங்கி ஒரு மண் சட்டி வாங்கி வந்தேன். புதுச் சட்டியை மூன்று நாள் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்துப் பழக்கின பிறகுதான் அடுப்பில் ஏற்றினோம். தேங்காய் அரைத்து ஊற்றாத புளிக்குழம்பு மறுநாள் ராத்திரி வரை ஒன்றும் ஆகாது, காலையில் ஒரு தடவை சூடாக்கி வைத்தால் போதும். தேங்காய் சேர்த்தால் அன்றைக்கே தீர்க்க வேண்டும்.

குழம்பு தாங்கும். சோறு தாங்காது. இரண்டாவது தடவை அடுப்பு அணைந்தது அதனால்தான்.

இரண்டாம் வருஷம், மே மாசம். சனிக்கிழமை மத்தியானம் வடித்த சோறு பாதி மிஞ்சியது. குக்கரை மூடி அப்படியே மேடையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டோம். மதுரை வெயில், மாடி அறை, மேலே தளம். ராத்திரி 10 மணிக்கு வந்து அந்தச் சோற்றில் தக்காளியை வதக்கிக் கொட்டிக் கிளறிச் சாப்பிட்டோம். வாடை எதுவும் இல்லை. 1 மணிக்குக் கோவில்பட்டி வாந்தி எடுக்க ஆரம்பித்தான், அடுத்து நான். 3 மணிக்கு இரண்டு பேரையும் மற்ற இருவரும் ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டிரிப் ஏற்றினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மத்தியானச் சோறா?"

அவர் சொன்ன விவரத்தை அப்படியே சொல்கிறேன். அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமி, பேசில்லஸ் சீரியஸ் என்று பேர், அதன் விதை மாதிரியான வடிவம் கொதிநீரிலும் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. மறுபடி சூடாக்கினால் கிருமி சாகலாம், நஞ்சு போகாது. நாங்கள் நன்றாகத்தான் சூடாக்கினோம். வாடை வராத சோறு நல்ல சோறு என்று இவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்தோம், அது தப்பு.

பத்து நாள் யாருக்கும் சமைக்க மனசில்லை. அப்புறம் சட்டம் போட்டோம். ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவுதான் உலை. மிஞ்சினால் கீழே கொடுக்க வேண்டும், இல்லை என்றால் தாம்பாளத்தில் பரப்பி ஆற்றி, ஆறின உடனே மண் சட்டியில் போட்டுச் சோறு முங்கத் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறு ஆக்க வேண்டும். அதையும் ராத்திரி மிஞ்சிய சோற்றில் மட்டும்தான் செய்வோம், காலை 8 மணிக்குள் தீர்த்துவிடுவோம். வழவழப்போ கெட்ட வாடையோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுவோம். மத்தியானச் சோற்றை ராத்திரிக்கு வைப்பது இல்லவே இல்லை. இன்னொன்றையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டியைத் தட்டி மட்டமாக எடுக்க வேண்டும். வாந்தி பேதியில் முதலில் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

அந்தச் சட்டம் நோன்பு மாசத்தில் நன்றாக உதவியது. கம்பம் நோன்பு வைப்பான். விடிவதற்கு முன்னால் சாப்பிடுகிற சகருக்குச் சோற்றை அப்போதே ஆக்க வேண்டும் என்பதால் ராத்திரியே புளிக்குழம்பை வைத்து இறக்கிவிடுவோம். மூன்றரைக்கு அலாரம் அடித்ததும் அவன் ஜோடி எழுந்து ஊறிய அரிசியைக் குக்கரில் ஏற்றி, ஆளுக்கு இரண்டு முட்டையைப் பொரித்துவிடுவான். நாலே காலுக்கு அவன் சாப்பிட உட்காரும்போது பெரும்பாலும் நாங்களும் உட்கார்ந்துவிடுவோம், தனியாகச் சாப்பிடவிட மனசு வராது. சாயங்காலம் அவன் பள்ளிவாசலில் இருந்து தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி கொண்டுவருவான். அந்த வெந்தயமும் பூண்டும் கலந்த மணம் மாடிப்படியிலேயே வந்துவிடும். கார்த்திகையில் ஒட்டன்சத்திரம் மாலை போட்டபோது ரூமில் முட்டைகூட வாங்கவில்லை. அவனுக்கென்று தனிச் சட்டி வாங்கி வந்தது கம்பம்தான். யாரும் கேட்டுச் செய்ததில்லை.

போன வாரம் ரூமைப் பார்க்க முதல் வருஷப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். நாங்கள் மே மாசம் காலி செய்கிறோம், அவர்கள் வரப் போகிறார்கள். சட்டியையும் குக்கரையும் இங்கேயே விட்டுப்போகிறோம் என்றதும் முகமெல்லாம் மலர்ந்தது. ஒருவன் போனை எடுத்து எழுதிக்கொள்ளத் தயாராகி, "அண்ணே, ஈஸியா என்னென்ன சமைக்கலாம், சொல்லுங்கண்ணே" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் ஒட்டன்சத்திரம் அவன் தோளில் கை போட்டு சிங்க்குக்குப் பக்கத்தில் கூட்டிப்போனான்.

"மொதல்ல இங்க பாருடா தம்பி. இந்தக் குழாய்ல தண்ணி அஞ்சு மணிக்கு வரும். அந்த ரெண்டு வாளியும் உங்களுக்குத்தான்."